ஆய்வாளர் இப்போது வரமாட்டார், பிறகு வருவார்: உள்ளாட்சி கேள்வி – பதில்

வீடு கட்ட, கடை போட, தொழில் தொடங்க உள்ளாட்சி அலுவலகப் படியேறுவதைக் குறைக்க அண்மை ஆண்டுகளில் சில விதிகள் மாறியிருக்கின்றன. மாறியதைக் கவுண்டரில் யாரும் வலிய வந்து சொல்வதில்லை. இந்த இதழுக்கு வந்த கேள்விகள் பெரும்பாலும் அதைச் சுற்றியே இருக்கின்றன.

ஐந்தே முக்கால் சென்ட் மனை. கீழும் மேலுமாக வீடு கட்ட எண்ணம். சுயசான்று முறையில் உடனே அனுமதி கிடைக்கும் என்கிறார் எங்கள் இன்ஜினியர். நம்பலாமா?
– வாசகர், கும்பகோணம்

திட்டத்தை நம்பலாம். விதிப்படி கட்டுவேன் என்று நீங்களே உறுதிமொழி தந்து, ஒற்றைச் சாளர இணையதளத்தில் அனுமதி பெறுவதுதான் சுயசான்று. உங்கள் மனை அதற்குள் வருமா என்பதுதான் சந்தேகம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஐந்தே முக்கால் சென்ட் என்றால் 2,504.7. சுயசான்றுக்கு மனையின் உச்சவரம்பு 2,500 சதுர அடி. ஒரு முறத்தளவு இடம் கூடிப்போய் வெளியே நிற்கிறீர்கள்.

ஆனால் உடனே கைவிட வேண்டாம். பத்திரத்தில் உள்ள சென்ட் கணக்கு அளந்து எழுதியதா, வாய்வழக்காக எழுதியதா என்று பாருங்கள். பட்டாவில் பரப்பு ஏரில் இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 1,076.4 சதுர அடி. பட்டாவில் 2.32 ஏர் என்றிருந்தால் 2,497 சதுர அடி, உள்ளே வந்துவிடுவீர்கள். 2.33 என்றிருந்தால் 2,508, வர முடியாது. பத்திரமும் பட்டாவும் ஆளுக்கொரு கணக்குச் சொன்னால், விண்ணப்பத்துக்கு முன்பே நில அளவையரைக் கொண்டு அளந்து திருத்திக்கொள்ளுங்கள். பின்னால் யாராவது கிளப்பினால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். மனை உண்மையிலேயே பெரிதாக இருந்தால் அதே ஒற்றைச் சாளர இணையதளத்தில் வழக்கமான முறையில் விண்ணப்பிக்க வேண்டியதுதான். நாள் கூடும், அவ்வளவே. வரம்புக்குள் கொண்டுவர மனையின் ஓர் ஓரத்தை மகன் பேரில் எழுதிவைக்கும் யோசனை சிலருக்கு வரும். மனையைப் பிரிப்பதற்கே தனி ஒப்புதல் வேண்டும். ஒரு சிக்கலை இரண்டாக்கிக்கொள்ள வேண்டாம்.

திட்டம் தொடங்கியது 2024 ஜூலை 22. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது தரையும் முதல் தளமும், குடியிருப்புக்கு மட்டும். இதற்குள் இருந்தால் கட்டுமுன் கள ஆய்வு கிடையாது, கூர்ந்தாய்வுக் கட்டணம் கிடையாது, உட்கட்டமைப்பு வசதிக் கட்டணம் கிடையாது, கட்டி முடித்தபின் பணி முடிப்புச் சான்றும் தேவையில்லை. மற்ற கட்டணங்களை உள்ளாட்சிக்கேற்ப, சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகக் கட்ட வேண்டும். பத்திரம், பட்டா, மனையின் புகைப்படம், வரைபடம், மனைப்பிரிவு ஒப்புதலுக்கான சான்று ஆகியவற்றைத் தெளிவாக ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வேலை ஒரே அமர்வில் முடியும்.

எங்கே இடறும் என்று கேட்டால், பெரும்பாலும் மனையில்தான். ஒப்புதல் இல்லாத மனைப்பிரிவில் வாங்கிய மனையை முதலில் வரன்முறைப்படுத்தியாக வேண்டும். அதற்கான 2017-ஆம் ஆண்டுத் திட்டம் 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்கு. அடுத்தது பெயர். பத்திரம் உங்கள் பேரில், பட்டா விற்றவர் பேரில் என்று இருந்தால் பட்டா மாறுதலை முடித்துவிட்டு வாருங்கள். மூன்றாவது, வாசலில் ஒரு கடை. பத்துக்குப் பத்து பெட்டிக்கடை என்றாலும் அது குடியிருப்பு அல்ல. மொட்டைமாடியில் படிக்கட்டுக் கூண்டோடு ஒட்டி ஓர் அறை போட்டால் அது இரண்டாம் தளம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கணினி மையத்திலோ இன்ஜினியரிடமோ விண்ணப்பம் போடும்போது அவர்களுடைய கைப்பேசி எண்ணைப் பதிந்துவிடுவார்கள். கடவு எண் (ஓ.டி.பி.), செய்தி, ஆணை எல்லாம் அவருக்கே போகும். நாளைக்கு வரைபட நகல் வேண்டுமென்றால் அவரைத் தேடிப்போக வேண்டும். உங்கள் எண்ணைப் போடச் சொல்லுங்கள்.

சுயசான்றில் அனுமதி வாங்கினோம். சுவர் எழும்பும் நேரத்தில் ஆள் வந்து டேப் பிடித்து அளக்கிறார். ஆய்வே கிடையாது என்றுதானே சொன்னார்கள்?
– வாசகி, நாமக்கல்

கட்டுவதற்கு முன் ஆய்வு கிடையாது என்றுதான் சொன்னார்கள். மீறலைத் தடுக்கும் அதிகாரத்தை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. முன்பு அலுவலர் பார்த்துக் கையெழுத்திட்டார். தப்பு இருந்தால் பாதிப் பழி அவருக்கு. இப்போது கையெழுத்து உங்களுடையது மட்டும். “விதிகளின்படி கட்டுவேன்” என்று எழுதிக்கொடுத்தது உறுதிமொழி. அதில் பிழை இருந்தால் அனுமதி ரத்தாகலாம், கட்டிய பகுதி அனுமதியற்ற கட்டுமானமாகலாம்.

வந்தவரிடம் வாக்குவாதம் வேண்டாம். அனுமதி ஆணையும் வரைபடமும் நகலெடுத்துத் தளத்திலேயே இருக்கட்டும். அவருடைய பெயர், பதவி, எந்த உத்தரவின் பேரில் வந்தார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அளந்தபின் “சரியில்லை” என்றால், எந்தப் பக்கம் எத்தனை சென்டிமீட்டர் என்று எழுத்தில் கேளுங்கள். எழுத மறுத்தால் அன்றைக்கே, “இன்ன தேதியில் இன்னார் வந்து அளந்தார், குறை எதையும் எழுத்தில் தரவில்லை” என்று உள்ளாட்சித் தலைமை அலுவலருக்கு ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள்.

உண்மையில் பிசகுவது பக்க இடைவெளியில்தான். வரைபடத்தில் சுவரின் வெளிமுகத்திலிருந்து எல்லைவரை காட்டியிருப்பார்கள். கொத்தனார் சுவரின் நடுக்கோட்டிலிருந்து கயிறு கட்டுவார். ஒன்பது அங்குலச் சுவரில் நாலரை அங்குலம் அப்போதே போய்விடும். பூச்சு ஏறியபின் இன்னும் குறையும். அடித்தளம் போடும்போதே வெளிமுகத்திலிருந்து அளந்து, பூச்சுக்கென்று ஓர் அங்குலம் தள்ளி நிறுத்துங்கள். அறையைப் பெரிதாக்கும் ஆசை நடுவில் வந்தால் முதலில் வரைபடத்தைத் திருத்தி அனுமதி வாங்குங்கள், பிறகு சுவரைத் தொடுங்கள். 3,500 சதுர அடியைத் தாண்டினால் சுயசான்றின் வரம்பையே தாண்டிவிடுவீர்கள்.

மனு கொடுத்தால் “வைத்துவிட்டுப் போங்கள்” என்கிறார்கள். ஒப்புகை தருவதில்லை. நான்கு மாதமாகக் கோப்பு யார் மேசையில் இருக்கிறது என்றே தெரியவில்லை.
– வாசகர், திண்டுக்கல்

ஒப்புகை இல்லாத மனுவை யாரும் தேடவேண்டிய கட்டாயமில்லை. பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் அரசாணை 99, நாள் 21.09.2015, மனுவுக்கு மூன்று நாளில் ஒப்புகை தரவும் 30 நாளில் முடிவு செய்யவும் சொல்கிறது. இந்த எண்ணையும் தேதியையும் மனுவின் கடைசி வரியில் எழுதுவதே கொஞ்சம் வேலை செய்யும். கையில் வாங்க மறுத்தால் அஞ்சலில் அனுப்புங்கள். பதிவு அஞ்சலை 2025-இல் விரைவு அஞ்சலோடு இணைத்துவிட்டார்கள். விரைவு அஞ்சலில் பதிவு வசதியும் சேர்ப்பிப்புச் சான்றும் கேட்டு வாங்கி, இணையத்தில் கண்காணிப்புப் பக்கத்தை அச்செடுத்து மனு நகலோடு குத்தி வையுங்கள்.

இப்போது நான்கு மாதம் ஆகிவிட்டதால் தகவல் உரிமைச் சட்டம் 2005-ஐ எடுக்க வேண்டிய நேரம். பிரிவு 6(1)-இன் கீழ் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு, கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். இதில் நம் மக்கள் செய்யும் தவறு, “ஏன் தாமதம்?”, “இது நியாயமா?” என்று கேட்பது. சட்டம் தரச் சொல்வது பதிவேட்டில் உள்ள தகவலை மட்டும்தான். ‘ஏன்’ என்பதற்குப் பதிவேடு கிடையாது, அதைச் சாக்காக வைத்து மனுவைத் தள்ளிவிடலாம். இப்படிக் கேளுங்கள் (ந.க. எண் என்பது மனுவுக்கு அலுவலகம் இடும் கோப்பு எண்; தன்பதிவேடு என்பது தன்னிடம் வரும் தாள்களை எழுத்தர் பதிந்துவைக்கும் ஏடு):

“இன்ன தேதியிட்ட என் மனுவுக்கு இடப்பட்ட ந.க. எண், அது எந்தப் பிரிவின் தன்பதிவேட்டில் எந்த நாளில் பதிவானது, அந்தப் பக்கத்தின் நகல், கோப்பின் குறிப்புப் பக்கங்கள் அனைத்தின் நகல், கோப்பு இதுவரை யார் யாரிடம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தது, இத்தகைய மனுவை முடிக்க நிர்ணயித்த கால அளவு குறித்த ஆணையின் நகல்.”

குறிப்புப் பக்கங்களைக் கேட்க மறக்காதீர்கள். யார் என்ன எழுதி எங்கே அனுப்பினார் என்பது அதில்தான் இருக்கும். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். கோப்பை நேரில் பார்க்கவும் உரிமை உண்டு, முதல் ஒரு மணி நேரம் இலவசம். பெரிய கோப்பாக இருந்தால் முதலில் பார்த்துவிட்டு வேண்டிய பக்கத்தை மட்டும் நகல் கேட்பது மிச்சம்.

30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது அரைகுறையாக வந்தால், அடுத்த 30 நாளுக்குள் பிரிவு 19(1)-இன் கீழ் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதற்கும் பலனில்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தாமதித்த நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆணையம் வரை போக நாள் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் தன்பதிவேட்டு நகல் கேட்ட மனு மேசைக்கு வந்த வாரத்திலேயே பல கோப்புகள் நகரத் தொடங்கிவிடும்.

தொழில் உரிமம் புதுப்பிக்க ‘கவனிக்க’ச் சொல்கிறார் இடைத்தரகர். கொடுத்தால் நானும் குற்றவாளியா?
– வாசகர், கடலூர்

ஆம். 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டபின் கொடுப்பதும் பிரிவு 8-இன்படி குற்றம்; ஏழு ஆண்டு வரை சிறை. இரண்டு விலக்குகள் இருக்கின்றன. கட்டாயப்படுத்தியதால் கொடுத்தீர்கள் என்றால், கொடுத்த ஏழு நாளுக்குள் காவல் துறையிலோ புலனாய்வு அமைப்பிலோ சொல்லிவிட வேண்டும். முன்கூட்டியே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சொல்லி, பொறிவைக்க உதவுவதற்காகக் கொடுத்தால் குற்றமில்லை. எட்டாவது நாள் ஞானோதயம் வந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

தரகர் கேட்டார் என்பதற்கும் அலுவலர் கேட்டார் என்பதற்கும் நடுவே தூரம் இருக்கிறது. பல நேரம் அந்தத் தொகை தரகரின் சட்டைப்பையோடு நின்றுவிடும். வேலை எப்படியும் நடந்திருக்கும். முதலில் விண்ணப்பத்தை நீங்களே இணையத்தில் போட்டு, ரசீது எண்ணோடு அலுவலரை நேரில் பாருங்கள்.

தள்ளுவண்டியில் இட்லிக் கடை. எடை இயந்திரம், அடுப்பு, பாத்திரம் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பக் கேட்டால் அபராதம் என்கிறார்கள், ரசீது இல்லை.
– வாசகி, திருச்சி

சாலையோர வியாபாரிகள் சட்டம் 2014-ஐ நீங்களும் தெரிந்திருக்க வேண்டும், லாரியில் வந்தவர்களும் தெரிந்திருக்க வேண்டும். பிரிவு 19-இன்படி பொருளைக் கைப்பற்றினால் அங்கேயே பட்டியல் எழுதி, அதிகாரம் பெற்றவர் கையெழுத்திட்டு, உங்களிடம் ஒரு பிரதி தர வேண்டும். நீங்கள் கோரியபின் அழுகாத பொருள் என்றால் இரண்டு வேலைநாளுக்குள், அழுகும் பொருள் என்றால் அதே நாளில், விதித்த கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு திருப்பித் தர வேண்டும். கட்டணம் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். ரசீதில்லாமல் கேட்பதுதான் தவறு.

நாளைக்கே செய்ய வேண்டியது: போன பொருளின் பட்டியலை நீங்களே எழுதுங்கள். நாள், நேரம், இடம், லாரி எண், பார்த்த இருவரின் கையெழுத்து. பழைய புகைப்படத்தில் வண்டியும் அடுப்பும் தெரிந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். “பிரிவு 19-இன் கீழ் பொருளைத் திருப்பிக் கோருகிறேன்” என்று ஆணையருக்கு எழுதி ஒப்புகை வாங்குங்கள். அந்த இரண்டு நாள் கணக்கு நீங்கள் கோரிய பிறகுதான் ஓடும். வாயால் கேட்டதற்கு ஆதாரம் கிடையாது.

அடிப்படையான இரண்டு பாதுகாப்புகள்: கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் விற்பனைச் சான்று வழங்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது (பிரிவு 3(3)). இடம் மாற்றவோ அப்புறப்படுத்தவோ 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் (பிரிவு 18). கணக்கெடுப்பு ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது நடக்க வேண்டும். சான்றில் உள்ள நிபந்தனையை மீறினால் அபராதம் 2,000 ரூபாய் வரை. சான்று உங்கள் பெயரில் இருந்தால் நீங்களோ குடும்பத்தாரோதான் கடையை நடத்த வேண்டும். வாடகைக்கு விட்டால் அது போய்விடும்.

உங்கள் ஊர் நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகள் 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அந்த உறுப்பினர் யாரென்று பல கடைக்காரர்களுக்குத் தெரிவதே இல்லை. எந்தத் தெரு விற்பனைப் பகுதி, எது கூடாத பகுதி என்று முடிவாகும்போது பேச வேண்டியவர் அவர்தான். லாரி வந்தபின் அவரைத் தேடிப் பயன் குறைவு.

வீட்டின் பின்பகுதி அனுமதியற்றது என்று சொல்லி இடிப்பு அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். “ஏழு நாளில் அகற்று” என்கிறது. என்ன செய்வது?
– வாசகர், தாம்பரம்

அறிவிப்பில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று முதலில் பாருங்கள். நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன் பிரிவு 56 என்றிருந்தால் அதிலேயே ஒரு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும். அந்த அவகாசத்துக்குள், கட்டியதைத் தக்கவைக்க அனுமதி கேட்டு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. பிரிவு 80-அ-வின் கீழ் அரசிடம் மேல்முறையீடும் உண்டு.

எந்தச் சட்டமானாலும், 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் பி.ஆர். கவாய், கே.வி. விஸ்வநாதன் அமர்வு தந்த நெறிமுறைகள் பொருந்தும். அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து 15 நாள், அல்லது உள்ளூர்ச் சட்டம் சொல்லும் நாள், இரண்டில் எது பிந்தையதோ அதுவரை இடிக்கக் கூடாது. சுவரில் ஒட்டினால் போதாது, ஒப்புகையோடு பதிவஞ்சலிலும் வர வேண்டும். எது மீறல், எந்த ஆவணங்களோடு பதில் தர வேண்டும், நேரில் விசாரிக்கும் நாள் எது என்பதெல்லாம் அதிலேயே இருக்க வேண்டும். முடிவாணையில், வரன்முறைப்படுத்த முடியுமா, ஒரு பகுதி மட்டும் மீறல் என்றால் இடிப்பதைத் தவிர வழியில்லையா என்று காரணம் எழுத வேண்டும். ஆணைக்குப் பிறகும் 15 நாள் உண்டு. நீங்களே அகற்றிக்கொள்ளவோ மேல்முறையீடு செய்யவோ அது பயன்படும். இடிப்பை வீடியோ எடுக்க வேண்டும். மீறும் அலுவலர் சொந்தப் பொறுப்பில் நஷ்டஈடு தர நேரிடும்.

இந்தப் பாதுகாப்பு சாலை, நடைபாதை, ரயில் பாதையோரம், ஆறு, நீர்நிலை ஆகியவற்றில் கட்டியதற்குக் கிடையாது. உங்கள் பின்பகுதி வாய்க்கால் புறம்போக்கைத் தொடுகிறதா என்று புலப்பட (நில அளவை வரைபட) நகலை எடுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு பதில் எழுதுங்கள். தொடுகிறது என்றால் வாதத்தின் வலு பாதிக்கு மேல் போய்விடும். தொடவில்லை என்றால் பதிலில் முதல் வரியே அதுவாக இருக்கட்டும்: புல எண், உட்பிரிவு, அளவு.

பதிலே தராமல் நேராக வழக்கறிஞரிடம் ஓடுபவர்கள் உண்டு. விசாரணை நாளில் போகாதது கோப்பில் உங்களுக்கு எதிராகவே பதிவாகும். பதிலைக் கொடுத்துவிட்டு ஓடுங்கள்.

‘சிவப்பு நாடா’ப் புலம்பல் எல்லா நாட்டிலும் இருக்கிறது. உள்ளாட்சி ஆய்வுகளை எங்காவது உருப்படியாகக் குறைத்திருக்கிறார்களா?
– வாசகர், பாளையங்கோட்டை

பிரிட்டனைப் பார்க்கலாம். 2005-இல் பிலிப் ஹாம்ப்டன் அரசுக்குத் தந்த அறிக்கையின் கணக்குப்படி, அங்கே 63 தேசிய ஒழுங்குமுறை அமைப்புகளும் 468 உள்ளாட்சிகளும் சேர்ந்து ஆண்டுக்கு 30 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளை நடத்திக்கொண்டிருந்தன; தேசிய அமைப்புகள் 26 லட்சம் படிவங்களை அனுப்பிக்கொண்டிருந்தன. அவர் சொன்ன தீர்வு எளிது: காரணமில்லாமல் ஆய்வு வேண்டாம், ஆபத்து அதிகமுள்ள இடத்துக்கு அடிக்கடி போங்கள், ஒழுங்காக நடப்பவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

அதைவிட எங்களுக்குப் பிடித்தது 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த ‘முதன்மை உள்ளாட்சி’ ஏற்பாடு. பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் நிறுவனம் ஒரே ஓர் உள்ளாட்சியோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும். தீத்தடுப்போ உணவுச் சுகாதாரமோ, அந்த உள்ளாட்சி தந்த ஆலோசனையின்படி நடந்தால் வேறோர் ஊர் ஆய்வாளர் தன் விளக்கத்தைத் திணித்துத் தண்டிக்க முடியாது. நடவடிக்கை எடுக்குமுன் அவர் முதன்மை உள்ளாட்சிக்குச் சொல்ல வேண்டும். தன் ஆலோசனைக்கு முரணானது என்றால் ஐந்து வேலைநாளுக்குள் அது தடுத்துவிடலாம்.

நம் ஊரில் ஒரே விதிக்கு மூன்று அலுவலர் மூன்று பொருள் சொல்வதுதான் வணிகரை வாட்டுகிறது. ஓர் அலுவலர் எழுதித் தந்த விளக்கம் அடுத்து வருபவரையும் கட்டுப்படுத்தும் என்று ஒரே ஒரு விதி செய்தால், பாதிப் படிவங்களை ஒழித்ததற்குச் சமம்.

வீட்டில் பன்னிரண்டு தையல் இயந்திரம் போட்டு பனியன் தைக்கிறோம். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவாணை வேண்டும் என்று ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார்.
– வாசகி, திருப்பூர்

வேண்டாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016-இல், மாசு மிகக் குறைந்த தொழில்களுக்கு ‘வெள்ளை வகை’ என்று ஒரு பட்டியல் போட்டது. சாயமோ சலவையோ இல்லாத உலர்முறைப் பின்னலாடைத் தயாரிப்பு அதில் இருக்கிறது. இந்த வகைக்கு இசைவாணை தேவையில்லை. மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்குத் தகவல் தெரிவித்தால் போதும். பனியனில் அச்சடிக்கவோ துணியை அலசவோ தொடங்கினால் அந்த நாளே கணக்கு மாறிவிடும். இயந்திரங்களுக்கான உள்ளாட்சி அனுமதியும், மின் இணைப்பு எந்தக் கட்டண வகையில் வரும் என்பதும் தனி. வீட்டு இணைப்பில் பன்னிரண்டு மோட்டாரை ஓட்டினால் மின்வாரியத்தின் பறக்கும் படைதான் முதலில் வரும்.